கண்மாயைத் தோண்டுமுன் தலைவாயைப் பாருங்கள்

ஊரில் வீடும் வெளியூரில் பிழைப்புமாக இருக்கும் செட்டிநாட்டு ஐயாமார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும், ஊர் நலச் சங்கத்தாருக்கும், கண்மாய்த் தண்ணீரில் பயிர் செய்யும் மணிமுத்தாற்றங்கரை ஆயக்கட்டுக்காரர்கள் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வரும்போது காய்ந்து கிடக்கும் கண்மாயைப் பார்த்துவிட்டு, "இதை ஆழப்படுத்திக் கொடுத்துவிடுவோம்" என்கிறீர்கள். மனசார வருகிற சொல் அது என்று எங்களுக்குத் தெரியும். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பணம் வருகிறது. கோடையில் பொக்லைன் இறங்குகிறது. பத்துப் பதினைந்து நாளில் கண்மாய்க்குள் தண்ணீர் நிற்கும் பரப்பான உள்வாய் பளிச்சென்று ஆகிவிடுகிறது. ஆனால் கார்த்திகை முடிந்து போய்ப் பார்த்தால் பல ஊர்களில் தண்ணீர் பழைய மட்டத்தில்தான் நிற்கிறது. சில ஊர்களில் அதற்கும் கீழே. அந்தப் பணம் எங்கே போட்டால் தண்ணீராகத் திரும்பி வரும் என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் ஒரு கணக்கு. பத்து ஹெக்டேர் உள்வாயை 30 செ.மீ. ஆழப்படுத்தினால் கூடுதலாகக் கிடைக்கும் கொள்ளளவு 30,000 கன மீட்டர். டிராக்டர் நடை ஒன்றுக்கு 3 கன மீட்டர் என்றால் 10,000 நடை மண். இனி, ஆற்றிலிருந்து கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலைப் பாருங்கள்; அதைத்தான் கால் என்கிறோம். 2 மீட்டர் அகலக் காலில் அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நொடிக்கு 0.4 மீட்டர் வேகத்தில் ஓடினால், மணிக்கு 1,440 கன மீட்டர். ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தால் 34,560 கன மீட்டர். பத்தாயிரம் நடை மண் எடுத்து உண்டாக்கிய இடத்தை, சீராக இருக்கும் கால் ஒரே நாளில் நிரப்பிவிடும். ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் என்று வைத்தால் 4,047 கன மீட்டர் வேண்டும். அப்படியானால் அந்த ஒரு நாள் ஓட்டம் எட்டு ஏக்கருக்குப் போதும். கால் அடைந்து கிடந்தால் பத்தாயிரம் நடையும் வெறும் பள்ளம்தான்.

எங்கள் மணிமுத்தாறு வருஷம் முழுக்க ஓடுவதில்லை. விருசுழியாறு, தேனாறு, சருகணியாறு, பாம்பாறு எல்லாமே அப்படித்தான். இந்தச் சீமையில் வருஷ மழை சுமார் 900 மி.மீ.; ஏறக்குறைய அதில் பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டிவிடும். ஆற்றில் தண்ணீர் நிற்கிற அந்தச் சில நாளில் பிடித்து வைத்ததுதான் தை அறுவடை வரைக்கும். ஆகவே கண்மாய்க்கு எவ்வளவு வயிறு இருக்கிறது என்பதைவிட, அந்தச் சில நாளில் வாய் திறந்திருந்ததா என்பதுதான் எங்களுக்குப் பெரிய கேள்வி.

இந்த இடத்தில் ஊருணிக்கும் கண்மாய்க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். உங்கள் முன்னோர்கள் வெட்டிய ஊருணிகள் செட்டிநாட்டின் பெருமை. வீட்டுக் கூரைத் தண்ணீரும் வீதித் தண்ணீரும் கால் வழியாக ஊருணிக்குப் போகிற மாதிரி ஊரையே சாய்த்துக் கட்டினார்கள். ஊருணிக்கு நாலு பக்கமும் கரையும் படித்துறையும் இருக்கலாம், அது கிண்ணம். கண்மாய் அப்படி இல்லை. பள்ளத்துப் பக்கம் மட்டும் பிறை போல வளைந்த கரை. மற்றப் பக்கமெல்லாம் திறந்த உள்வாய். தண்ணீர் அந்தத் திறந்த பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். ஊருணி கட்டிப் பழகிய கை கண்மாயையும் ஊருணி போலவே கட்டப் பார்க்கிறது. சுற்றிலும் கரை போட்டு, நடைபாதை போட்டு, வேலி அடைத்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் சுற்றியுள்ள காட்டுத் தண்ணீர் வந்து சேர்கிற ஓடைகள் அத்தனையும் அந்த நடைபாதைக்கு வெளியே நின்று தேங்கும். தயவுசெய்து உள்வாய்ப் பக்கம் கரை போடாதீர்கள்.

வரத்துக்கால் பழுதுபடும் இடங்கள் என்று எங்கள் அனுபவத்தில் நாலைந்துதான். அதில் முதலும் முக்கியமானதும் தலைவாய், அதாவது ஆற்றிலிருந்து கால் பிரிகிற இடம். மணல் அள்ளிய பகுதிகளில் ஆற்றின் அடிமட்டம் இறங்கிவிட்டது. முன்பு முழங்கால் வெள்ளம் வந்தாலே காலுக்குள் திரும்பிய தண்ணீர், இப்போது இடுப்பளவு வந்தாலும் வாயைத் தொடாமல் கீழே போய்விடுகிறது. உடனே எல்லோருக்கும் தோன்றுவது, காலின் வாயையும் ஆழமாக வெட்டிவிடலாம் என்பது. அது தவறு. வாயை மட்டும் ஆழப்படுத்தினால் காலின் வாட்டம் கெடும். தண்ணீர் உள்ளே வந்து தேங்கும். மேலே ஏறிக் கண்மாய்க்குப் போகாது. வெள்ளம் வடியும்போது அதே வழியில் ஆற்றுக்கே திரும்பும். தலைவாய்க்குச் சற்றுக் கீழே ஆற்றின் குறுக்கே தரைமட்டச் சுவர் வைத்து, ஆற்றின் அடியைப் பழைய மட்டத்துக்கு ஏற்றுவதுதான் வழி. அது நீர்வளத்துறையின் வேலை. பொறியாளர் மட்டம் பார்த்துத்தான் செய்ய வேண்டும். நன்கொடைப் பணத்தில் நாமே கட்டிவிடக் கூடாது. ஆனால் அதற்கான மனுவில் ஊரின் கையெழுத்தோடு உங்கள் கையெழுத்தும் இருந்தால் மனுவுக்குக் கனம் கூடும்.

அது வரும்வரை கொரம்புதான், அதாவது தண்ணீரைக் காலுக்குள் திருப்ப ஆற்றில் போடும் தற்காலிகத் தடுப்பு. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே பழக்கமில்லை என்பதால் விவரமாக எழுதுகிறோம். தலைவாய்க்குக் கீழே, ஆற்றுக்கு நேர் குறுக்காக இல்லாமல், வாயை நோக்கித் தண்ணீரைத் தள்ளுகிற மாதிரி சாய்வாகக் கோடு போட வேண்டும். கோட்டில் இரண்டடிக்கு ஒரு முளை. பனஞ்சிராய் அல்லது கருவேல முளை, பாதி நீளம் மணலுக்குள் இறங்க வேண்டும். முளைக்கு இடையில் மெல்லிய கிளையான விளாரைப் பின்னி, தண்ணீர் வரும் பக்கத்தில் வைக்கோலும் பனையோலையும் சாத்தி, அதன்மேல் களிமண்ணை மிதித்து அப்பி, பிறகுதான் மணல் அணைக்க வேண்டும். களிமண் இல்லாமல் வெறும் மணல் மூட்டையை அடுக்கினால் அடியில் அரித்து, ஒரு ராத்திரியில் மூட்டை எல்லாம் முன்னால் கவிழும். உயரம் தலைவாயில் முழங்கால் தண்ணீர் நிற்கும் அளவுக்குத்தான். பெரிய வெள்ளம் வந்தால் கொரம்பு அடித்துக்கொண்டு போகும், போகத்தான் வேண்டும். அது நிற்காமல் உடைவதால்தான் ஆற்றங்கரை உடையாமல் நிற்கிறது. வெள்ளம் வடிந்ததும் மறுபடி போடுவார்கள். இதைப் பார்த்து, "வருஷா வருஷம் எதற்கு இந்த வேலை, கான்கிரீட்டில் கட்டிவிடலாமே" என்று கேட்கிறார்கள். மணலை வெளியேற்றும் மணற்போக்கி இல்லாத கான்கிரீட் தடுப்புக்கு மேற்புறம் சில வருஷத்தில் மணல் மேடிட்டுத் தலைவாயையே மூடிவிடும். கீழூர்க்காரர்களுக்கும் தண்ணீர் போகாது, வழக்கு வரும்.

அடுத்தது ரோட்டுப் பாலங்கள். ரோடு போடும்போது காலின் குறுக்கே ஒரு சிமெண்டுக் குழாயை வைத்து மூடிவிடுகிறார்கள். குழாயின் அடிவிளிம்பு காலின் தரையைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தால், அந்த ஒரு சாண் தண்ணீர் என்றைக்கும் தாண்டாது. சின்ன மழைத் தண்ணீர் முழுக்க அங்கேயே நின்றுபோகும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலைக் கொண்டு இருபுறமும் மட்டம் பிடித்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இதைச் சரிசெய்யப் பெரிய பணம் வேண்டாம்; ஆனால் ரோடு எந்தத் துறையுடையது என்று கண்டுபிடித்து அனுமதி வாங்க ஆள் வேண்டும். கண்மாய் ஓர் அலுவலகம், ரோடு இன்னொன்று, காலின் புறம்போக்கு வருவாய்த்துறை, இடையில் வரும் வீட்டுமனைப் பிரிவு வேறொரு கணக்கு. உங்களில் படித்தவர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் அதிகம். பணத்தைவிட இந்த அலைச்சலில் நீங்கள் தோள் கொடுத்தால் அது பெரிய தர்மம்.

காலின் நடுப்பகுதியில் தூர்வாரும்போது, மண்ணை இரண்டு பக்கமும் வரப்பு மாதிரி தொடர்ச்சியாகக் கொட்டாதீர்கள். முதல் மழையிலேயே பாதி மண் திரும்பக் காலுக்குள் விழும். பக்கத்து ஓடைத் தண்ணீரும் உள்ளே நுழைய முடியாது. ஒரே பக்கம், காலின் விளிம்பிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, ஓடை சேரும் இடங்களில் இடைவெளி விட்டுக் கொட்டி, பனங்கொட்டை ஊன்ற வேண்டும். காலின் அகலம் எவ்வளவு என்பதில் வாக்குவாதம் வேண்டாம். கிராம நிர்வாக அலுவலகத்தில் புல வரைபடமும் அ-பதிவேடும் இருக்கின்றன. சர்வேயரைக் கொண்டு கல் ஊன்றிய பிறகு இயந்திரத்தை இறக்குங்கள். கல் ஊன்றாமல் வெட்டியதில் நின்றுபோன வேலைகள் நிறைய.

இந்தக் கால்கள் எப்படிக் கெட்டன என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. சிவகங்கை ஜமீன் நாளில் விளைச்சலில் மேல்வாரம் ஜமீனுக்கு, குடிவாரம் உழுதவருக்கு. விளைந்தால்தான் இருவருக்கும் நெல் என்பதால் மராமத்தில் இருவருக்கும் அக்கறை இருந்தது. பெரிய வேலை ஜமீன் பொறுப்பு. கால் வெட்டுவது, கரை அணைப்பது, கரையான் புற்றைத் தோண்டிக் களிமண் அடைப்பது எல்லாம் குடிமராமத்து, அதாவது குடிகளே செய்யும் பராமரிப்பு. எவ்வளவு நிலமோ அதற்கேற்ற ஆள் வர வேண்டும். குடிமராமத்துக்கு வராதவரிடம் பணம் வசூலிக்க 1858ஆம் வருஷத்திலேயே சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. 1948ஆம் வருஷத்து 26ஆம் சட்டம் எஸ்டேட்டுகளை ஒழித்தது. உழுதவர் பட்டாதாரர் ஆனார். அது நியாயம், வரவேற்க வேண்டியது. ஆனால் கண்மாய்கள் அரசுக்குப் போனபோது, 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித்துறைக்கும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்குமாகப் பிரிந்தன. ஒரே ஆற்றில் பிறந்து, ஒன்று நிறைந்து வழியும் மறுகால் இன்னொன்றின் வரத்தாக இருக்கும் கண்மாய்ச் சங்கிலியில், மேல் கண்மாய் ஓர் அலுவலகத்திலும் கீழ்க் கண்மாய் வேறு அலுவலகத்திலும் இருக்கிறது. இடையிலுள்ள காலை யார் பார்ப்பது? ஊர் பார்த்துவந்தது. கிணறும் மோட்டாரும் வந்தபின், பிள்ளைகள் வெளியூர் போனபின், ஊரும் கைவிட்டது. 2017இல் அரசு குடிமராமத்து என்ற பெயரை மீண்டும் எடுத்தபோது எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் பழைய குடிமராமத்து வருஷந்தோறும் நடந்தது. ஒரு வருஷம் பெரிதாகச் செய்துவிட்டு ஐந்து வருஷம் விட்டால் கால் பழையபடி ஆகிவிடும்.

அந்த நாளில் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார். வயலுக்குத் தண்ணீர் விடும் மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் ஒருவர் கைதான். தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவார். கரையில் எந்த இடத்தில் நண்டு வளை, எந்த இடத்தில் எலி வளை என்று அவருக்குத் தெரியும். களத்தில் நெல் அளக்கும்போது அவர் பங்கை முதலில் அளந்துவிடுவார்கள். இன்று பல கண்மாய்களில் அந்த வேலைக்கு ஆள் இல்லை. உங்களிடம் நாங்கள் கேட்பதில் ஒன்று இது: ஒரு தொகையை வங்கியில் வைப்பாகப் போட்டு, அதன் வட்டியில் நீர்பாய்ச்சிக்கு வருஷச் சம்பளம் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். ஊரும் நெல்லாகத் தன் பங்கைத் தரும்.

இனி உள்வாய். அங்கே தோண்டவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கே, எவ்வளவு என்பதுதான் பேச்சு. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய தண்ணீர் மடை வழியாக வயலுக்கு வராது. மாட்டுக்கும் மீனுக்கும் கிணற்று ஊற்றுக்கும் உதவும். அதற்கு ஓரிடத்தில் ஒரு பள்ளம் போதும். அந்தப் பள்ளமும் சாய்வாக இறங்க வேண்டும். செங்குத்தாக வெட்டிய குழி மழைக்குப் பிறகு கண்ணுக்குத் தெரியாது. மீன் பிடிக்க ஊத்தாவும் கச்சாவும் எடுத்துக்கொண்டு ஊரே இறங்கும் நாளில், முழங்கால் தண்ணீர் என்று நம்பி நடக்கிற பிள்ளை ஆளாழத்தில் விழும். கரையின் உள்சரிவு முடிகிற இடத்திலிருந்து பதினைந்து மீட்டருக்குள் பொக்லைன் வாளி படவே கூடாது. கரைக்கு அடியைப் பறித்தால் கரை சரியும்.

எவ்வளவு ஆழம் என்பதற்கு மண்ணே பதில் சொல்லும். மேலே இருப்பது கரம்பை. கறுத்து, ஈரத்தில் உருட்டினால் சுண்டுவிரல் மொத்தத்துக்குத் திரியாகத் திரியும், கையில் ஒட்டும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதற்குக் கீழே தண்ணீரைத் தாங்கி நிற்கும் களி. அதற்கும் கீழே நம் சீமையின் செம்புறை: செங்கல் நிறம், திரிக்கப் பார்த்தால் உதிரும், நடுவில் மிளகு மிளகாகச் செம்புறாங்கல் தட்டுப்படும். வாளியில் வரும் மண் கறுப்பிலிருந்து செந்நிறத்துக்குத் திரும்பினால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். களியை ஓட்டை போட்டுவிட்டால் கண்மாய் நிறைந்த தண்ணீர் பதினைந்து இருபது நாளில் கீழே இறங்கிவிடும். ஆழப்படுத்திய பிறகு தண்ணீர் தங்கவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கரம்பை வயலுக்குப் போகும். செம்புறைக் கிராவல் ரோட்டுக்கு விலைபோகும். ஆகவே இயந்திரக்காரர் ஆழமாகப் போகத்தான் ஆசைப்படுவார். வேலை நடக்கும் நாளெல்லாம் ஊர் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று வாளியைப் பார்க்க வேண்டும். கரம்பை எடுக்க விவசாயிக்குக் காசு வேண்டாம். வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கினால் நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டரும், புஞ்சைக்கு 90 கன மீட்டரும் இலவசமாக எடுக்கலாம். அதாவது 25 நடை, 30 நடை. ஆயக்கட்டுக்காரர்களே எடுத்தால் உங்கள் பணமும் மிச்சம், வயலுக்கும் உரம்.

கற்களைப் பற்றி உங்களிடம் மன்றாடிக் கேட்கிறோம். சில கண்மாய்களுக்குள் மடைக்கு நேரே இரண்டு கல்தூண்கள் நிற்கும். நடுவில் குறுக்குக் கற்கள், அதில் துளை. அது குமிழி மடை. குறுக்குக் கல்லின் துளை வழியாக அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் குமிழியிட்டு இறங்கும். நீரோடித் துளை தண்ணீருக்கு, அதற்குக் கீழே சேறோடித் துளைகள் வண்டலுக்கு. தண்ணீரோடு சேற்றையும் வயலுக்கு அனுப்பிக் கண்மாய் மேடாகாமல் பார்த்துக்கொண்ட ஏற்பாடு அது. சில தூண்களில் எழுத்தும் சிற்பமும் உண்டு. இரும்பு ஷட்டர் வைத்த பிறகு "இது எதற்கு" என்று அவற்றைப் பிடுங்கிக் கரையில் போட்டுவிடுகிறார்கள். ஊரின் பத்திரம் அது. பிடுங்காதீர்கள், பெயிண்ட் அடிக்காதீர்கள், சிமெண்டு பூசாதீர்கள்.

கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிந்து போகும் கலுங்கில் வரிசையாக நிற்கும் கற்களும் அலங்காரத்துக்கு இல்லை. பெருமழை ஓய்ந்த பின், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பலகையும் களிமண்ணும் வைத்து அடைத்துக் கொஞ்சம் தண்ணீரைக் கூடுதலாகத் தேக்குவதற்கு அவை. புயல் செய்தி வந்தால் அன்றைக்கே பிடுங்கிவிடுவார்கள். இதையே நிரந்தரமாகச் சிமெண்டில் உயர்த்திக் கட்டினால், ஐப்பசி வெள்ளத்துக்குப் போக வழி இல்லாமல் கரை உடையும். மேட்டு வயல் மூழ்கும். கீழ்க் கண்மாய்க்கு மறுகால் போகாது. ஒரு முழம் உயர்த்துவது ஒரு சங்கிலியையே அறுக்கும்.

கரையில் கசிவு வந்தால் பயப்படுவதற்கு முன்னால் தண்ணீரைக் கையில் அள்ளிப் பாருங்கள். தெளிந்து வந்தால் கண்காணித்தால் போதும். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது. வெளிப்பக்கம் அடைத்துப் பயனில்லை. தண்ணீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். உள்பக்கம் நீர்ப்பரப்பில் சிறு சுழி தெரியும், அங்கேதான் வாய். வைக்கோலும் களிமண்ணும் சேர்த்துக் கட்டிய பொதியை அங்கே இறக்கி மிதிக்க வேண்டும். வெளிப்பக்கம் மணல் மூட்டையை வட்டமாக அடுக்கித் தண்ணீரை அதற்குள் நிற்க விட்டால் வேகம் அடங்கும்.

மரம் வெட்டும்போதும் பார்த்துச் செய்யுங்கள். சீமைக்கருவை வேண்டாம்; மஞ்சள் பூ கதிர் கதிராக நீண்டிருக்கும். நாட்டுக்கருவேலம் வேண்டும், பூ உருண்டை, காய் மணிமாலை போல இடுங்கியிருக்கும். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடியிலும் கொள்ளுகுடிப்பட்டியிலும் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் ஊர் காக்கிற பறவைகள் கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில்தான் கூடு கட்டுகின்றன. சீமைக்கருவையை மட்டத்தோடு வெட்டினால் பத்து மடங்காகத் தழைக்கும். வேரோடு பிடுங்க வேண்டும். மாடு தின்ற காயின் விதை சாணத்தில் வந்து முளைக்கும், ஆகவே அடுத்த இரண்டு வருஷமும் நாற்றைப் பிடுங்க ஆள் விட வேண்டும்.

காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் எழுதுகிறீர்கள். 2021 பிப்ரவரி 21இல் அடிக்கல் நாட்டிய அந்த 262 கி.மீ. கால்வாயின் இரண்டாம் கட்டம், தெற்கு வெள்ளாற்றிலிருந்து வைகை வரை, நம் பக்கமாகத்தான் வரவேண்டும். வரட்டும், காத்திருக்கிறோம். அந்தத் தண்ணீரும் எங்கள் வயலைச் சேர வேண்டுமானால் இதே கால்களில்தான் ஓட வேண்டும்.

உங்களிடம் பத்து ரூபாய் இருந்தால், ஐந்தை வரத்துக்காலுக்கும் அதன் பாலங்களுக்கும் வையுங்கள். இரண்டை மடைக்கும் கலுங்குக்கும். ஒன்றைக் கரைக்கு. ஒன்றை உள்வாய்க்கு. மிச்சம் ஒன்றை அடுத்த மூன்று வருஷத்துப் பராமரிப்புக்கு எடுத்து வைத்துவிடுங்கள்; அதைத் தொடாதீர்கள்.

ஆடிப் பதினெட்டு கழிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தலைவாயில் கூடி, கண்மாய் வரைக்கும் வரத்துக்கால் ஓரமாகவே நடக்கப் போகிறோம். ஊரில் இருக்கிறவர்கள் வாருங்கள். வர முடியாதவர்கள் பிள்ளைகளை அனுப்புங்கள். புல வரைபட நகல், முப்பது மீட்டர் டேப், டியூப் லெவல், ஒரு நோட்டு, பேனா கொண்டுவர வேண்டும். வேலி முள் இருக்கிறது, செருப்பு கெட்டியாகப் போட்டு வாருங்கள். காலைப் பலகாரம் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
மணிமுத்தாற்றங்கரை ஆயக்கட்டுக்காரர்கள்